கன்றின் பங்கு

செங்காயி வீங்கத் தொடங்கியபோது ஊரே என்னைப் பாராட்டியது. கன்னம் இரண்டும் உப்பி, கால்கள் உருண்டு, வயிறு முன்னால் தள்ளி என் மகள் வாசலில் உட்கார்ந்திருப்பாள். சுனைக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் நின்று பார்த்து, பிள்ளை நன்றாக உடம்பு போட்டிருக்கிறது என்பார்கள். கறுப்பாக இருந்த முடி செம்பட்டை ஆனதைக்கூட அழகு என்றார்கள். கண் பட்டுவிடுமே என்று நானும் கன்னத்தில் மைப்பொட்டு வைத்தேன். இரண்டு வயதுக் குழந்தை காலை முதல் மாலை வரை வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறதே, ஓடவில்லையே, மண்ணைக்கூட அள்ளவில்லையே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சமர்த்து என்று சொல்லிக்கொண்டோம்.

இதைப் படிக்கிற, அல்லது யாராவது படிக்கக் கேட்கிற பச்சைமலைப் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். உங்கள் பிள்ளை சமர்த்தாக உட்கார்ந்திருந்தால் அதன் புறங்காலில் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து, விழுந்த குழி எழும்பாமல் இருந்தால் சோறு உலை வைத்திருந்தாலும் அப்படியே விட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

எனக்கு அப்படி அழுத்திக் காட்டியவர் கோமளா டீச்சர். உண்மையில் அவர் டீச்சர் இல்லை, கிராம சேவிகா. சர்க்கார் அனுப்பி வைத்த ஸ்ரீரங்கத்துப் பெண். துறையூரிலிருந்து மலை ஏறி வந்து, பெண்களைக் கூட்டி வைத்துச் சுத்தம், சத்து என்று பேசுவார். நாங்கள் தலையாட்டுவோம். பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுங்கள் என்று பால் பவுடர் டின்களைக் கொடுத்துவிட்டுப் போவார். அதையும் மரியாதையாக வாங்கிக்கொண்டு, கரைத்துக் கன்றுக்குட்டிகளுக்கு ஊற்றினோம். அந்த வருடம் கன்றுகள் நன்றாக வளர்ந்தன.

சிரிக்காதீர்கள், அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் பசுவைக் கறப்பதில்லை. பால் கன்றின் பங்கு. அதைப் பிடுங்கிக் குடிக்கிற வீட்டில் பிள்ளை தங்காது என்பது ஊர்ச் சட்டம். வருடத்தில் ஒரே ஒரு தடவை, சாமி கும்பிடும்போது மட்டும் ஒரு சொம்பு பால் எடுப்போம். அப்போதும் ஊர்க்கவுண்டர் தொழுவத்து வாசலில் நின்று, "கன்னு குடிச்சிருச்சா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பார். "குடிச்சிருச்சு" என்று உள்ளேயிருந்து பதில் வந்த பிறகுதான் மடியில் கை படும். அந்த ஊர்க்கவுண்டர் வேறு யாருமில்லை, என் மாமனார்தான்.

இன்னொரு சட்டமும் இருந்தது. பெண்ணின் வயிற்றில் ஒன்று தங்கிவிட்டால், மடியில் இருக்கிற பிள்ளைக்கு அன்றோடு தாய்ப்பால் நிறுத்த வேண்டும். அந்தப் பால் வயிற்றில் இருப்பதைச் சேர்ந்தது, வெளியில் இருப்பது குடித்தால் விஷம் என்பார்கள். நான் மறுபடி முழுகாமல் இருப்பது தெரிந்த அன்று மாமனார் வீட்டு ஆட்களிடம் சொல்லி அனுப்பினார். என் மார்பில் வேப்பெண்ணெய் தடவினார்கள். செங்காயி ஒரு வாரம் கத்தினாள். பிறகு சாமைக் கஞ்சித் தண்ணீரும் மரவள்ளிக் கிழங்கும் தின்று அடங்கிப்போனாள். அடங்கிய பிறகுதான் வீங்கினாள்.

கோமளா டீச்சர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னபோது மாமனார் உடனே மறுக்கவில்லை. பேத்தி மேல் அவருக்குப் பிரியம் உண்டு. சாமை அறுப்புக்குள் திரும்பிவிட வேண்டும், கீழே கண்டதையும் கொடுக்கக் கூடாது என்று இரண்டு நிபந்தனை போட்டார். கீழ்நாட்டில் அதிக நாள் தங்கிய பெண்ணை ஊர்க்கூட்டம் கேள்வி கேட்காமல் உள்ளே விடாது என்பதை அவர் சொல்லவில்லை. அது எனக்கே தெரியும்.

என் கணவர் செங்காயியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் இறங்கினார். துறையூரில் பஸ் ஏறினோம். எனக்கு வழியெல்லாம் வாந்தி. கொள்ளிடப் பாலத்தில் ஏறியபோது கோமளா டீச்சர் ஜன்னல் வழியே, அப்போது மேல்நிலைகள் இல்லாமல் மொட்டையாக நின்ற ஒரு பெரிய கோபுரத்தைக் காட்டி, அதுதான் எங்கள் ஊர் என்றார். நான் பாதியில் நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேனே தவிர வேறொன்றும் தோன்றவில்லை. அடுத்துக் காவிரிப் பாலம், அடுத்துத் திருச்சி. அவ்வளவு மனிதர்களை ஒரே இடத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் சீட்டுப் போட வேண்டும். வரிசையில் நின்று ஜன்னல் வரை போனதும் உள்ளே இருந்தவர் புருஷன் பெயரைக் கேட்டார். நான் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் சொல்வதில்லை. அவர் மறுபடி கேட்டார், நான் மறுபடி தரையைப் பார்த்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கணவரோ மரத்தடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார். கடைசியில் கோமளா டீச்சர் ஓடிவந்து அண்ணாமலை என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றினார். இப்போது நானே எழுதிவிட்டேன், பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை.

சீட்டு வாங்கிய பிறகு காத்திருந்தோம். பெஞ்சில் இடமில்லாமல் சுவர் ஓரமாகக் குந்தியிருந்தோம். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் எழுந்து நிற்பேன், வேறு பெயர் கூப்பிடுவார்கள், உட்காருவேன். செங்காயி அழவே இல்லை. பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் அழுதன. அழுகிற பிள்ளைகளின் தாய்மார் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

டாக்டர் ஒரு பெண். கண்ணாடி போட்டவர், சுருக்கமாகப் பேசுகிறவர். குழந்தையின் காலை அழுத்தினார், முடியை இழுத்தார், அது வலியில்லாமல் கையோடு வந்தது. தொடையில் தோல் உரிந்திருந்த இடத்தைப் பார்த்தார். எத்தனை மாதமாகத் தாய்ப்பால் இல்லை என்று கேட்டார். சொன்னேன். என் வயிற்றைப் பார்த்துவிட்டு எழுதினார்.

"இது சதை இல்லைம்மா, தண்ணி," என்றார் பிறகு. "புள்ளை சாப்பாடு இல்லாம வீங்கியிருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கிழங்கு தின்றாள், கஞ்சி குடித்தாள், நாங்கள் ஒன்றும் பட்டினி போடவில்லை என்றேன். அவர் கோபிக்காமல் விளக்கினார். வயிறு நிறைவது வேறு, உடம்பு கட்டுவது வேறு. பால், பருப்பு, கடலை, முட்டை, கறி இவற்றில் இருக்கிற சத்துக்குப் புரதம் என்று பெயர். வளர்கிற பிள்ளைக்கு உடம்பைக் கட்டுவது அதுதான். தாய்ப்பாலில் அது இருந்தது. கிழங்கிலும் கஞ்சித் தண்ணீரிலும் அது அநேகமாக இல்லை. அது குறைந்தால் இரத்தத்துக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பலம் போய்விடும், தண்ணீர் கசிந்து சதையில் தேங்கும். அன்றே பிள்ளையை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே அடுத்த கட்டிலில் இருந்த லால்குடிக்காரி குஞ்சம்மாளிடம் இதைச் சொன்னபோது அவள் ஒரே வார்த்தையில் முடித்தாள். "சவலைன்னு சொல்லேன். எங்க ஊர்லயும் உண்டு."

வார்டைப் பற்றி என்ன சொல்ல. நீளமான அறை, இரண்டு பக்கமும் கட்டில்கள், கம்பி போட்ட ஜன்னல்கள், எந்நேரமும் பினாயில் வாடை. பிள்ளையோடு ஒரு ஆள்தான் இருக்கலாம். கணவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். பார்வையாளர் நேரத்துக்கு மட்டும் வருவார். மற்ற நேரம் ஆஸ்பத்திரி மதிலோரம் மற்ற ஆண்களோடு படுத்துக் கிடப்பார். நான் கட்டிலுக்கு அடியில் படுத்தேன். எழுந்தால் தலை இடிக்கும். என் ஊரில் கதவு என்பதே ஆடு உள்ளே வராமல் இருக்கப் போடுவது. இங்கே வார்டுக்கு ஒரு கதவு, வராந்தாவுக்கு ஒரு கதவு, அதற்கு அப்பால் வாசலில் காவல்காரர். செங்காயியை விட்டுவிட்டு எங்கும் போகவும் முடியாது, போனால் திரும்பி வர வழி தெரியாது. வராந்தா மூலையில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். மலை வேணும் மலை வேணும் என்கிறாயே, அதோ மலை என்று குஞ்சம்மாள் காட்டினாள். அந்த உயரத்துப் பாறையில் நாங்கள் ஆடு மேய்ப்போம். அதை மலை என்று கோட்டை கட்டிக் கும்பிடுகிறார்களே என்று முதல் தடவையாக அங்கே சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

இரத்தம் எடுத்தார்கள். மலம், சிறுநீர் எல்லாம் சின்னச் சின்னக் குப்பிகளில் கேட்டார்கள். வயிற்றில் கொக்கிப்புழு இருப்பதாகச் சொன்னார்கள். இரத்தத்தைக் குடிக்கிற நூல் மாதிரியான புழு, வெறுங்காலில் மண் வழியாக ஏறுமாம். என் இரத்தமும் வெளுத்துப்போயிருக்கிறது என்று எனக்கும் மாத்திரை கொடுத்தார்கள். செங்காயி எதையும் விழுங்க மறுத்தாள். பசி என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. மூக்கு வழியாக ஒரு மெல்லிய ரப்பர் குழாயை வயிறு வரை விட்டு, அதில் பாலைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். அதைச் செய்யும்போது பிள்ளையின் கைகளை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

முதல் தடவை நர்ஸ் பால் கிண்ணத்தோடு வந்தபோது என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. "சிஸ்டர், கன்னு குடிச்சிருச்சா?"

நர்ஸுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். வார்டே சிரித்தது. இது பவுடர் பால், கப்பலில் வருவது, இதற்கு ஏது கன்று என்றார் நர்ஸ். எனக்கு அது இன்னும் மோசமாகப் பட்டது. எந்த நாட்டுக் கன்றோ, அது குடித்ததா இல்லையா என்று யாரைப் போய்க் கேட்பது? ஆனாலும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேன். பால் இறங்கியது. ஊர்ச் சட்டத்தை மீறிவிட்டேன் என்று தெரிந்தேதான் பிடித்துக்கொண்டேன்.

குஞ்சம்மாள் நல்லவள். அவள் மகனுக்கு நிமோனியா. வீட்டிலிருந்து அவள் மாமியார் கட்டிக் கொடுத்த சோற்றில் பாதியை எனக்குத் தள்ளுவாள். முதலில் நான் வாங்க மறுத்தேன். எங்கள் வீட்டில் ஆண்கள் தின்று, பிள்ளைகள் தின்று, மிச்சம் இருந்தால்தான் நாங்கள். என் கணவர் மதிலோரம் சாப்பிட்டாரா இல்லையா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது என்றேன். "வயித்துல இருக்கறது உன் புருஷனைக் கேட்டுட்டா பசிக்குது? தின்னு முதல்ல," என்றாள் அவள். தின்றேன். கணவர் சாப்பிடும் முன் நான் வயிறு நிறையத் தின்றது அன்றுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ருசியாக இருந்தது.

பிறகு நடந்ததுதான் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாதது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பால் இறங்க இறங்க செங்காயி நிறையச் சிறுநீர் விட ஆரம்பித்தாள். வீக்கம் வடிந்தது. வடிந்த பிறகு பார்த்தால் உள்ளே பிள்ளையே இல்லை. தோலும் எலும்பும், பெரிய தலையும், கிழவி முகமும். தராசில் தூக்கி வைத்தால் வந்த நாளைவிட எடை குறைந்திருந்தது. டாக்டர் முகத்தில் சந்தோஷம். நான் பிள்ளையைத் தராசிலிருந்து வாரி எடுத்துக்கொண்டேன். அவள் இத்தனை நாளும் இப்படித்தான் இருந்தாள், தண்ணீர் மறைத்திருந்தது, இனிமேல்தான் சதை பிடிக்கும் என்றார் டாக்டர். இப்போது பாலை நிறுத்தினால் பிழைக்க மாட்டாள் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

பார்வையாளர் நேரத்தில் வந்த கணவர் கட்டிலைப் பார்த்துவிட்டு, வேறு பிள்ளையை மாற்றி வைத்துவிட்டார்களோ என்று கேட்டார். விளையாட்டுக்கில்லை, உண்மையாகவே கேட்டார். நான் எவ்வளவோ சொன்னேன். அவருக்கு மனம் ஆறவில்லை. மறுநாள் மலைக்குப் போய் அப்பாவைக் கூட்டி வந்துவிட்டார்.

மாமனார் வார்டுக்குள் நுழைந்தார். தலைப்பாகையைக் கழற்றாமல், செருப்பில்லாத காலோடு, அந்தப் பினாயில் தரையில் தன் ஊர் மண்ணில் நடப்பது போலவே நடந்து வந்தார். அப்போது செங்காயிக்குக் குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். நான் டம்ளரில் பால் வைத்துக்கொண்டு கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் பிள்ளையைப் பார்த்தார். அப்புறம் டம்ளரைப் பார்த்தார்.

"கன்னு பாலைக் குடுத்திருக்க. அதான் புள்ளை உருகிப்போச்சு," என்றார். "தூக்கு, போகலாம்."

நர்ஸ் டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். மாமனார் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தூக்கு என்று மறுபடி என்னிடம் சொன்னார். அப்படியானால் டாக்டர் பேச்சை மீறிக் கூட்டிப்போகிறோம் என்று தகப்பன் கைநாட்டு வைக்க வேண்டும் என்றார்கள். ஒரு தாளும் மைப் பெட்டியும் வந்தன. எனக்கு ஐந்தாவது வரை படிப்பு உண்டு, மலையடிவாரத்தில் என் அம்மான் வீட்டிலிருந்து படித்தேன். தாய் எழுதிக் கொடுத்தால் செல்லாதா, கூட்டிப்போக மாட்டேன் என்று நான் எழுதித் தருகிறேனே என்று கேட்டேன். தகப்பன்தான் வேண்டும் என்றார்கள். எழுதத் தெரிந்த என் கைக்கு அங்கே வேலை இல்லை, எழுதத் தெரியாத அவர் பெருவிரலுக்கு இருந்தது. கணவர் மையில் விரலை அழுத்தினார்.

நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமனார் எதிரில் நின்று பேசியதில்லை. கதவு மறைவிலிருந்து ஆமாம், இல்லை என்பதோடு சரி. அன்று கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றேன். ஒளிந்துகொள்ள அங்கே கதவு இல்லை.

"கன்னு பங்கு கன்னுக்குத்தான் மாமா. நான் இல்லைங்கல," என்றேன். "மாடு கன்னு போட்டா, அது தானா மேயற வரைக்கும் மடியில ஒருத்தரைக் கை வைக்க விடமாட்டீங்க. செங்காயி தானா மேயறதுக்கு முன்னாடி எம் மார்ல வேப்பெண்ணெய் தடவச் சொன்னது யாரு? கன்னுக்குட்டி பங்கைக் காப்பாத்தற ஊரு எம் பொண்ணு பங்கை மட்டும் புடுங்கலாமா?"

மாமனார் முகத்தில் கோபம் தெரியவில்லை. அவர் ஊர்க்கூட்டத்தில் வழக்குக் கேட்கும்போது வைத்திருக்கிற முகம் அது. எனக்கு அதைவிடக் கோபமே தேவலை. கணவர் மை விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

இந்தப் பேச்சில் ஊட்டுவது நின்றுபோயிருந்தது. அப்போது செங்காயி அழுதாள். மாதக்கணக்காக அழாத பிள்ளை, கையை டம்ளர் பக்கம் நீட்டி, முகம் சுருங்க, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். அந்தக் குரலில் கெஞ்சல் கொஞ்சமும் கிடையாது, அதிகாரம்தான். அவளுடைய தாத்தா குரல் அப்படியே.

கணவர் விரலை வேட்டியில் துடைத்தார். அந்தக் கறை கடைசி வரை போகவில்லை. "அப்பா, நீங்க முன்ன போங்க," என்றார். "புள்ளை தேறுனதும் நாங்க வர்றோம்."

"அப்ப ரெண்டு பேரும் கீழயே இருந்துக்கங்க," என்று சொல்லிவிட்டு மாமனார் திரும்பி நடந்தார். கதவருகில் ஒரு நிமிடம் நின்றார். செங்காயி குடிக்கிற சத்தத்தைக் கேட்டாரோ என்னவோ, எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் சொன்னது போலவே நடந்தது. எடை ஏற ஆரம்பித்தது. ஒரு காலை நர்ஸின் தொப்பியைப் பார்த்து செங்காயி சிரித்தாள். இந்த நோயில் சிரித்த பிள்ளை பிழைத்த பிள்ளை என்று டாக்டர் வந்து தலையைத் தடவிவிட்டுப் போனார். ஆனால் மலைக்கு அனுப்பவில்லை. ஐப்பசி மழை பிடித்துவிட்டது, வாராவாரம் காட்ட வேண்டும். கோமளா டீச்சர் ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கணவர் யார் வீட்டு அறுப்புக்காவது போய்க் கூலி கொண்டுவருகிறேன் என்று புறப்பட்டுவிட்டார்.

அந்த வீட்டில் டீச்சரின் அண்ணன் மனைவி இருந்தார். டீச்சர் அவரை மன்னி என்பார், நானும் அப்படியே சொல்லப் பழகினேன். எங்களுக்குக் கொல்லைப்புறத்தில் மாட்டுக் கொட்டிலை ஒட்டிய அறை. முன்கட்டுக்கு நான் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கதவுகளை விட்டு வந்தால் இங்கே நாலு பக்கமும் உயர்ந்த சுவர். கோயில் மணிச் சத்தம் சுவருக்கு மேலே வரும். அவ்வளவு பக்கத்தில் இருந்தாயே, ரங்கநாதரைப் பார்த்தாயா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். பார்க்கவில்லை. கூட்டத்தில் பிள்ளைக்குத் தட்டம்மை ஒட்டிக்கொண்டால் தாங்காது என்று டாக்டர் தடுத்திருந்தார். கணவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அப்பா பக்கம் போய்விட்டார் என்றே முடிவு செய்தேன். வயிறு நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. மலைக்கும் ஆகாமல் கீழ்நாட்டுக்கும் ஆகாமல் ஒரு கொட்டிலில் பிள்ளை பெறப் போகிறோம் என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டு கிடப்பேன்.

காலையில் மன்னி கறக்க வருவார். பக்கத்தில் கயிற்றில் கட்டிய கன்று இழுத்துக்கொண்டு நிற்கும். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சிரித்தால் சிரிக்கட்டும் என்று, கன்று குடித்ததா என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். மன்னி சிரிக்கவில்லை. "கேக்க வேண்டியதுதான், நன்னாக் கேட்டே," என்றார். "அது முதல்ல குடிச்சாச்சு. இன்னும் ரெண்டு காம்பு அதுக்குன்னு விட்டிருக்கேன் பார். ரெண்டு நமக்கு. கன்னு வயிறு வாடினா இந்தப் பால் உடம்புல ஒட்டாது." அன்றைய பாலைச் செங்காயிக்கு நிம்மதியாகக் கொடுத்தேன். பொட்டுக்கடலையையும் வேர்க்கடலையையும் வறுத்து இடித்து, வெல்லம் சேர்த்து உருண்டை பிடிக்கவும் மன்னிதான் கற்றுக்கொடுத்தார். பாலே கிடைக்காத வீட்டிலும் இதைப் பிடிக்கலாம்.

கணவர் வந்தார். வரத் தாமதமானதற்குக் காரணமும் சொன்னார். நாங்கள் திரும்பி வர ஊர்க்கூட்டத்தில் வழி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பெரியவர்கள் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்காரர்கள் பாலைக் கொடுத்துவிட்டார்கள் என்று நான் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தீட்டுக் கழித்து வீட்டுக்குள் விட்டுவிடுவார்கள். அவர் இதைச் சொன்னபோது கண்ணில் ஆசை தெரிந்தது. மலை ஏறும் வழியெல்லாம் நானும் யோசித்துக்கொண்டே வந்தேன். ஒரு வார்த்தைதானே, என் வீடு, என் அடுப்பு, பிள்ளை பெற ஓர் இடம்.

கூட்டத்தில் மாமனார் கேட்டார். என் பக்கத்தில் செங்காயி சொந்தக் காலில் நின்றுகொண்டு, என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெண்களும் தூரத்தில் நின்று அவளையே பார்த்தார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேர் இடுப்பில் உப்பிய கன்னமும் செம்பட்டை முடியுமாகச் சமர்த்துப் பிள்ளைகள் இருந்தன. எனக்குத் தெரியாது என்று நான் சொன்னால், அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? தெரிந்துதான் கொடுத்தேன், என் கையால் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

தள்ளி வைத்தார்கள். ஊர்ச் சுனையில் தண்ணீர் எடுக்கக் கூடாது, யாரும் நெருப்புக் கொடுக்கக் கூடாது. கணவருக்கு உரிய பங்காக ஓர் ஓரக்காடும் ஒரு சினைப்பசுவும் கொடுத்தார் மாமனார். காட்டிலேயே கொட்டகை போட்டோம். அங்கேதான் மகன் பிறந்தான். அந்த மாதமே பசுவும் கன்று போட்டது. இரண்டு காம்பு கன்றுக்கு, இரண்டு காம்பு செங்காயிக்கு. கோமளா டீச்சர் மலை ஏறினால் நேராக எங்கள் கொட்டகைக்கு வருவார். விறகு பொறுக்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். பிள்ளைக்குப் பாலும் கடலை உருண்டையும் கொடுத்துவிட்டு, தங்களுக்கும் ஓர் உருண்டை எடுத்து அங்கேயே உட்கார்ந்து தின்பார்கள். ஆண்கள் தின்றார்களா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அதற்கு மாதர் சங்கம் என்று டீச்சர் பெயர் வைத்தார். ஊருக்கு அது விறகு பொறுக்குவதுதான். என்றைக்கு யார் பார்த்துச் சொல்லி, இருக்கிற கொட்டகையையும் பிடுங்குவார்களோ என்ற பயம் எனக்கு ஒரு நாளும் விட்டதில்லை.

ஒரு காலை நான் கறக்க உட்காரும் நேரத்தில் வெளியே யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாமனார். தலைப்பாகை கட்டியிருந்தார். தோளில் அவருடைய இளைய மகனின் குழந்தை, உப்பிய கன்னத்தோடு அசையாமல் சாய்ந்திருந்தது. அதன் தாய்க்கு வயிற்றில் மறுபடி ஒன்று என்று பெண்கள் சொல்லியிருந்தார்கள். குழந்தையின் புறங்காலில் விரலால் அழுத்திய குழி எழும்பாமல் கிடந்தது. அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

என்னை அவர் பார்க்கவில்லை. கொட்டகைக்குள்ளும் வரவில்லை. தொழுவத்து வாசலில் நிமிர்ந்து நின்று, சாமி கும்பிடும் நாளில் கேட்பது போலவே உரக்கக் கேட்டார்.

"கன்னு குடிச்சிருச்சா?"

நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

"குடிச்சிருச்சு மாமா."

அவர் குழந்தையை இறக்கி என்னிடம் நீட்டினார்.